மரியாதை இல்லாமல் கத்துவது எப்படி

கோவையில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வாரம் நான்தான் பயிற்சி தருவேன். ஹெல்மெட், ஷூ, மஞ்சள் கோடு எல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். மீதி நாள்களில் நான் சொல்லிக்கொடுப்பது கத்துவதற்கு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே கத்துவதற்குத்தான்.

எங்கள் பக்கத்தில் அதுதான் பெரும் பாடு. யாரைக் கூப்பிட்டாலும் ‘ஏனுங்க’ என்று தொடங்கி ‘ங்க’ என்று முடித்தால்தான் எங்களுக்குத் திருப்தி. தலைக்கு மேல் சங்கிலியில் இரும்பு தொங்கி வரும்போது அவ்வளவு மரியாதைக்கு நேரம் ஏது? ‘நில்லு’ என்றால் ஆள் நின்றுவிடுவார். ‘கொஞ்சம் நில்லுங்க’ என்று முடிப்பதற்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

போன வருடம் வந்து சேர்ந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொண்டாமுத்தூர்க்காரர். டவுனில் ஒரு புடவைக் கடையில் இருபது வருடம் புடவை எடுத்துப் போட்டவர். கடையை மூடிவிட்டார்கள். தொங்கி வரும் சரக்குக்குக் கீழே யாரும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவரை எடுத்திருந்தோம். இவருக்குக் கத்தத் தெரியும் என்று சனிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“ஊட்டுல சும்மா உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுருமுங்க அம்மணி,” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சோதனை வைத்தேன். காலி மரப்பெட்டி ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு, நானே எங்கோ பார்த்தபடி அதற்குக் கீழே நடந்தேன்.

“ஏனுங்க அம்மணி, மேல பொட்டி வருதுங்க, கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களா?”

“நான் செத்தே போயிட்டேனுங்க்கா,” என்றேன்.

மறுநாள் வேறு வழியில் போனேன். “ஊட்டுக்காரரை எப்படித் திட்டுவீங்க?”

“அவரைத் திட்டறதுங்களா? பேசாம இருந்துக்குவேனுங்க. அதுக்கே பயந்துக்குவாரு.”

“சரி, வாழைத் தோட்டத்துக்குள்ள யானை வந்துட்டா?” இதிலாவது சத்தம் வரும் என்று நம்பினேன்.

“கையெடுத்துக் கும்புட்டு, ‘போயிருங்க சாமி’ம்போமுங்க.”

யானைக்கே ‘ங்க’ போடுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் செய்ய? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கத்துவதில் கம்பெனியிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற கர்வம் வேறு. “இப்படிங்க்கா,” என்று சொல்லிவிட்டு, ‘நில்லு!’ என்று ஒரு கத்துக் கத்திக் காட்டினேன். கேன்டீனில் ஒருவர் டீயை மேலே கொட்டிக்கொண்டார். அக்கா கை தட்டி, “நல்லாக் கத்தறீங்க,” என்று பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டார் ஒன்று சங்கிலியில் தொங்கி வந்துகொண்டிருந்தது. முதலாளி போனில் பேசிக்கொண்டே மஞ்சள் கோட்டைத் தாண்டி நேராக அதற்குக் கீழே நடந்தார். சங்கிலி இழுப்பவருக்கு முதுகு இந்தப் பக்கம். அக்காவைவிட நான்தான் முதலாளிக்குப் பக்கத்தில் நின்றேன். பார்த்துவிட்டேன். வாயையும் திறந்தேன்.

“ஏனுங்க சார், கொஞ்சம்...”

“டேய்! நில்லுடா!”

முதலாளி அப்படியே நின்றார். மோட்டார் அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டு போனது. அத்தனை பேரும் அக்காவைத்தான் பார்த்தோம். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“டா போட்டுக் கூப்பிட்டுப்போட்டேனுங்க சார். தப்புத்தானுங்க. வேலையை உட்டு மட்டும் நிறுத்திப்போடாதீங்க.”

முதலாளி மோட்டாரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க பக்கத்துலதானுங்க நின்னீங்க? உங்க சத்தத்தையே காணமே?”

அக்காவின் தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். இரும்பு முதலாளி மேல் மோதிவிடுமே என்று அக்கா பயந்தார். அவர் கோபித்துக்கொள்வாரே என்று நான் பயந்தேன்.