அஞ்சலை இல்லையென்ற பிள்ளை

"இந்தச் சந்துல எல்லாத்துக்கும் நாந்தான் வாயா? உங்களுக்கெல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில், பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் பலகை வீட்டுச் சந்தில், அஞ்சலை இப்படி அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. அலுப்பெல்லாம் சும்மா. பேசச் சொல்லி யாரும் கேட்காவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்காது. காலையில் இடியாப்பக் கூடையோடு கிளம்பினால் ஒரே தெருவில் மூன்று குரல் மாற்றுவாள். சீனத் தவுக்கே முதலாளி வாசலில் தேன். மலாய் வீட்டில் வெண்ணெய். கூடக் கொஞ்சம் தேங்காய்ப்பூ கேட்கும் நம்மவர்களிடம் அரிவாள். குழாயில் தண்ணீர் நின்றால் முனிசிபாலிட்டிக்குப் போவது அவள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரனிடம் மல்லுக்கு நிற்பதும் அவள்.

பக்கத்து வீட்டுக் கமலவேணியும் புருஷனும் ரப்பர் ஆலையில் வேலை. விடியுமுன் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார்கள். அவர்களுடைய ஒரே பெண் விஜயாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவளைச் சந்துதான் வளர்த்தது. காலையில் அஞ்சலையின் கூடைக்குப் பின்னால் நடப்பாள். வெயில் ஏறியதும் சந்து முனையில் தாவூத் நானாவின் மளிகைக்கடை. சோறு அவர் மனைவி ஆயிஷா கையால்.

ஒருநாள் லாரி ஒன்று பிள்ளையை உரசிக்கொண்டு போனது. மறுநாளே அஞ்சலை சிவப்பு ரிப்பன் வாங்கி அவளுடைய இரட்டைச் சடையில் கட்டினாள். பிறகு சாலையில் போன லாரிக்காரன், மாட்டு வண்டிக்காரன், ரிக்‌ஷாக்காரன் ஒருத்தனையும் விடாமல் மறித்து, சிவப்பு ரிப்பனைப் பார்த்தால் ஹாரன் அடிக்காதே, பிரேக்கை அடி என்று உத்தரவு போட்டாள். ஒரு மாதத்தில் காஜா பெராங் சாலை முழுக்க அந்த ரிப்பனுக்கு வழிவிடப் பழகிவிட்டது.

விஜயாவுக்குச் சொல் இல்லையே தவிர, ஊரே அவள் உடம்புக்குள் இருந்தது. ஒரு கன்னத்தை உப்பிக்கொண்டு இடுப்பில் கை வைத்தால் அது வெற்றிலை அடக்கிய அஞ்சலை. இல்லாத தொப்பியை முன்னும் பின்னும் நகர்த்தினால் தாவூத் நானா. விஜயா தன்னைப் பழித்துக்காட்டும்போது அஞ்சலைக்கு வருகிற சிரிப்பு, வேறெப்போதும் வந்ததில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்காகக் கடைகளில் காகிதக் கொடி தொங்க ஆரம்பித்த மாதம், சந்துக்குள் சமூக நல ஆபீசிலிருந்து ஒரு வெல்ஃபேர் மிஸ்ஸி வந்தாள். யாழ்ப்பாணத்து அம்மாள். தடித்த கண்ணாடி, கறுப்புக் குடை, அக்குளில் ஒரு நீளமான நோட்டு.

அஞ்சலையின் கண்ணில் குடை படவில்லை, கண்ணாடி படவில்லை. நோட்டுதான் பட்டது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் காலத்தில், இதே மாதிரி நோட்டோடு ஒருவன் வந்தான். அரிசிப் பங்கீட்டுக்குப் பேர் எழுதுகிறான் என்று நினைத்து, கல்யாணமாகி ஆறே மாதமான அஞ்சலை புருஷன் பேரைச் சேதுபதி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வயதைச் சொன்னாள். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை என்று, கேட்காததையும் பெருமையாகச் சொன்னாள். மூன்றாம் நாள் லாரி வந்தது. சயாம் நாட்டில் தண்டவாளம் போடப் போன சேதுபதி திரும்பி வரவில்லை.

அதனால், மிஸ்ஸி முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் அஞ்சலை பின்பக்கமாக ஓடி எல்லா வீட்டுக்கும், யாரைக் கேட்டாலும் இல்லை என்ற ஒரே பதிலைக் கொடுத்துவிட்டாள். கூப்பிட்டால் கேட்டு ஓட முடியாத விஜயாவின் ரிப்பனை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையைத் தாவூத் நானா கடையில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். வரப்போவது நம்ம அரசாங்கம்தானே என்று தாவூத் நானா இழுத்தார். நோட்டு எல்லாம் ஒரே நோட்டுதான் என்று அவர் வாயை அடைத்தாள்.

"காது கேளாத, நடக்க ஏலாத பிள்ளையள் ஆரும் இந்தச் சந்தில இருக்கினமோ?" என்று மிஸ்ஸி கேட்டாள்.

"இங்க எல்லாப் புள்ளைக்கும் காதும் வாயும் ஜாஸ்தி மிஸ்ஸி. வேணும்னா ரெண்டு புடிச்சிட்டுப் போங்க."

சந்தே சிரித்தது. மிஸ்ஸியும் சிரித்தாள். பினாங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, காது கேளாத பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்து எழுதப் படிக்கக் கற்றுத்தருவார்கள், லீவுக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். அஞ்சலைக்கு எல்லாம் கேட்டது. ஆனால் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது மட்டும்தான் உள்ளே இறங்கியது. சாயங்காலம் கமலவேணியிடம், பிள்ளையைப் பிடித்துப்போக வந்தார்கள், விரட்டிவிட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமலவேணி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் போயிற்று. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில், செங் என்ற ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கமலவேணி பார்த்தாள். காது கேட்காதவன். விரலால் பேசினான். மணலில் தன் பேரை எழுதிக் காட்டி, தாயை 'அம்மா' என்று ஒரு மாதிரி கூப்பிடவும் செய்தான். பினாங்கில் படிக்கிறானாம், நோட்டோடு வந்த மிஸ்ஸிதான் சேர்த்துவிட்டாளாம். கமலவேணி மூச்சிரைக்க ஓடிவந்து, பெரிய நல்ல சேதியாக இதை அஞ்சலையிடம் சொன்னாள். அஞ்சலையின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

மறுநாள் விஜயாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் மிஸ்ஸியின் ஆபீசுக்குப் போனார்கள். பெரியவர்கள் பேச்சைத் தொடங்குவதற்குள் விஜயா எழுந்து, இல்லாத குடையை மடக்கி, இல்லாத நோட்டை அக்குளில் இடுக்கி, மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினாள். அன்றைக்கே வெங்காய மூட்டை இடுக்கு வழியே பார்த்து வைத்திருக்கிறாள். மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நிஜக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எத்தினை வயசு? ஒன்பதோ? எட்டுக்குள்ளதான் அங்க எடுக்கிறவை, அம்மா. அந்த வருசம் எங்களுக்கு ரெண்டு இடம் தந்தவை. ஒண்டு வெறுமையாப் போனது. நான் உங்கட சந்துக்கு வந்து கேட்டனான் அல்லோ?"

திரும்பி வரும் வழியில் கமலவேணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம்னு அன்னிக்கே சொன்னாங்களாக்கா?"

அஞ்சலை ஆமென்று தலையை ஆட்டினாள்.

கமலவேணி மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் பிள்ளையைத் தடுக்கவும் இல்லை. விஜயா வழக்கம்போல் கூடைக்குப் பின்னால் நடந்தாள், கன்னத்தை உப்பிக் காட்டினாள். அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பழைய அலுப்பையும் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்காதது சந்துக்கு என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பதில் கூடையைத் தூக்கிக்கொண்டு குருபோங் கிராமம் வரை நடந்தாள். இடியாப்பம் விற்ற வீட்டிலெல்லாம் காது கேட்காத பிள்ளை, கால் வராத பிள்ளை உண்டா என்று விசாரித்தாள். மறைத்தவர்களிடம், நோட்டில் எழுதினால் ஒன்றும் ஆகாது என்று மன்றாடினாள். அது நாலாவது குரல். நாலு பேர் தேறினார்கள். மிஸ்ஸியிடம் கொண்டுபோய் எழுத வைத்தாள். விஜயாவுக்கு மிஸ்ஸியால் முடிந்தது சனிக்கிழமைத் தையல் வகுப்பு. அதற்கும் அஞ்சலைதான் கூட்டிப்போனாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் அஞ்சலை ஈரல் வீங்கிப் படுத்துவிட்டாள். கஞ்சி கொடுக்க வந்த கமலவேணி, வாசலில் நின்ற விஜயாவைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள், அக்கா, சயாமுக்குப் பறிகொடுத்தவ நீ, பயத்துல செஞ்ச, உன்ன யாரு குறை சொல்றது, எல்லாம் அந்த ஜப்பான்காரன் செஞ்ச பாவம் என்று. அஞ்சலை கண்ணைத் திறந்தாள். பழைய அரிவாள் குரல் வந்தது.

"எம் புருசனச் சயாமுக்குக் கொண்டுபோனவன் ஜப்பான்காரன். உம் புள்ளையப் பினாங்குக்கு விடாதவ நானு. பழிய அவன் தலையில கட்டிட்டா இந்தப் புள்ளைக்கு எழுத்து வந்துருமாடி? கஞ்சிய வச்சிட்டுப் போயி அதுக்கு ரிப்பனக் கட்டு, ரோட்டுல லாரி வர்ற நேரம்."