கரடிக்குட்டி வைரஸ்

கரமனையில் எங்கள் தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பிறகே அப்பா அதன் பொத்தானை அழுத்தினார். அதற்குமேல் அவருக்கு அதில் ஒன்றும் ஓடவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான்தான் மெயிலைத் திறப்பேன், படித்துக் காட்டுவேன், அவர் சொல்லச் சொல்லத் தட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் நண்பரிடமிருந்து எச்சரிக்கை ஒன்று வந்தது. கரடிக்குட்டிப் படம் போட்ட ஒரு ஃபைல் கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்குமாம். இரண்டு வாரம் தூங்கிவிட்டு எழுந்து எல்லாவற்றையும் தின்றுவிடுமாம். உடனே அதை அழித்துவிட்டு, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம்.

தேடினோம். சொன்ன இடத்திலேயே சாம்பல் நிறத்தில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"பாவமா இருக்கேப்பா" என்றேன்.

"வைரஸுக்கு என்னடி பாவம்? அழி."

அழித்தேன். "யாருக்கெல்லாம் அனுப்பணும்?"

"எல்லாருக்கும்னு போட்டிருக்கே. எல்லாருக்கும் அனுப்பு."

பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அதில் பெங்களூர் சித்தப்பாவும் இருந்தார். அம்மா என்றோ சேர்க்கச் சொன்ன முகவரி அது. தாத்தாவின் பன்னிரண்டாம் நாள் காரியத்தில் ஒரு வார்த்தை தடித்துப்போய், மூன்று வருஷமாக அப்பாவும் சித்தப்பாவும் பேசுவதில்லை. மெயில் திறக்க போன் லைன் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி இரண்டு நாள் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்திருந்தது ஒரே ஒரு பதில். யாருடையது என்று சொல்லாமல் படிக்க முடியவில்லை. சித்தப்பாவுடையது என்று சொல்லிவிட்டேன். படித்தேன்.

"அண்ணா, அந்தக் கரடி ஒண்ணும் பண்ணாது. கம்ப்யூட்டர் வரச்சேயே கூட வந்ததுதான். இந்த மாதிரி மெயில் வந்தா, யார் கண்டுபிடிச்சா, என்னிக்கு, எங்கே விசாரிச்சுக்கலாம்னு இருக்கான்னு பாருங்கோ. இருக்காது. பயமுறுத்தும், எல்லாருக்கும் அனுப்புன்னு அவசரப்படுத்தும், அவ்வளவுதான். அழிச்சிருந்தா திரும்ப வெக்கற வழியைக் கீழே எழுதியிருக்கேன். முட்டி வலி இப்போ எப்படி இருக்கு?"

"திரும்பப் படி" என்றார் அப்பா. நான் கரடியிலிருந்து தொடங்கினேன்.

"அதில்லை. கடைசி வரி."

அன்றே கரடி திரும்ப வந்து உட்கார்ந்தது. 'முட்டி பரவாயில்லை' என்று மட்டும் அப்பா பதில் தட்டச் சொன்னார்.

பிறகு எச்சரிக்கை வராத வாரமே இல்லை. இன்ன தலைப்பில் மெயில் வந்தால் திறக்காதே, திறந்தால் எல்லாம் எரிந்துபோகும் என்று ஏதாவது ஒன்று. சித்தப்பா சொன்ன அடையாளங்களை அப்பா என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார். பாதி படிக்கும்போதே, "தேதி இல்லை, ஆள் பேர் இல்லை. பொய்" என்பார். சொல்லிவிட்டு, "இருந்தாலும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்பார்.

சித்தப்பாவும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பொறுமையாக விளக்குவார். அடியில் வீட்டு விஷயமாக நாலு வரி இருக்கும். நாலு வரி போகப்போக ஒரு பக்கமானது.

எனக்குச் சித்தப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதினேன்: "சித்தப்பா, இதெல்லாம் பொய்யென்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் சிரமப்பட்டு விளக்க வேண்டாம்."

மறுநாள் என் பெயர் போட்டுப் பதில் வந்தது. "எனக்கும் தெரியும்டி குட்டி. அப்பாவை அனுப்பச் சொல்லு."

பொய்யென்று தெரிந்தே ஒருவர் கேட்கிறார், தெரிந்தே இன்னொருவர் விளக்குகிறார், நடுவில் என் ஞாயிற்றுக்கிழமை வீணாகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.