பூ மடியில் பதிவான தாலாட்டு

"அம்மா, பிள்ளை தூங்கவே மாட்டேங்குறான். நீ தாலாட்டுப் பாடிப் பதிவு பண்ணி அனுப்பு" என்றாள், பெங்களூரில் இருக்கும் மகள்.

எப்படியும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்தேன். செல்போனைப் பார்த்ததும் வெட்கம் வந்து, பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இம்புட்டு வெக்கப்படலியே!" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

எங்கள் தோட்டத்தில் மல்லிகை பறிக்கும்போது மட்டும் எனக்குப் பாட்டு தானாக வரும். மறுநாள் காலை வீட்டுக்காரரோடு பறிக்கப் போனபோது பதிவை ஓடவிட்டு, மொட்டுப் போடும் மடிக்குள்ளேயே செல்போனைச் செருகிக்கொண்டேன். கை பறித்தது, வாய் பாடியது.

அனுப்பியதும் மகள் கூப்பிட்டாள். "தூங்கிட்டான்மா! ஆனா நடுவுல, 'மொட்டை விட்டுட்டுப் போறீகளே, கண்ணு தெரியலையா'ன்னு அப்பாவைத் திட்டுறியே!"

"அய்யய்யோ, அதை அழிச்சிரு தாயி."

"அழிக்க மாட்டேன். இன்னொண்ணு அனுப்பு."

இப்போதெல்லாம் செல்போனை முன்னால் வைத்தே பாடுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. பாதியில் மட்டும் நிறுத்துவதில்லை.