துடக்குவீட்டு மண் கப்

என் மனைவி அந்தக் கப்பை வாங்கிய அன்று, செய்து முடிக்காத சாமானை விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். டொரொண்டோவில் கோடை வந்தால் பூங்காக்களில் கைவினைச் சந்தைகள் முளைத்துவிடும். பார்க்கிங் கிடைக்காத எரிச்சலோடு நான் பின்னால் வந்துகொண்டிருக்க, அவள் ஒரு ஜப்பானியப் பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். மேசை நிறையத் தேநீர்க் கப்புகள். ஒன்றுக்கும் பிடி இல்லை, பூ இல்லை, பளபளப்பு இல்லை.

"உதுகளுக்கு இன்னும் பொலிஷ் பண்ணேல்லையப்பா," என்றேன்.

"சும்மா இருங்கோ. அவவுக்கு விளங்கப்போகுது."

"அவவுக்குத் தமிழ் விளங்குமே?"

"உங்கட மூஞ்சை விளங்கும்."

அந்தப் பெண்ணுக்கு எங்கள் வயது இருக்கும். தன் கப்புகளுக்கு மேற்பூச்சே கிடையாது என்று ஆற அமர விளங்கப்படுத்தினார். நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் விறகுச் சூளை வைத்து நாட்கணக்கில் எரிப்பார்களாம். நெருப்பு நேரே பட்ட பக்கம் செம்மண் நிறமாகும். சாம்பல் வந்து விழுந்த பக்கம் பொட்டுப் பொட்டாக இருக்கும். அந்தப் பொட்டுகளைத் தங்கள் ஊரில் எள்ளு என்றுதான் சொல்வார்கள் என்றார். சோப் போடக்கூடாது, மண் அதைக் குடித்துவிடும். பாலும் விடக்கூடாது. வெறும் தேநீர் மட்டும்தான். குடிக்கக் குடிக்கக் கப்பின் நிறம் மாறிக்கொண்டு வரும்.

பால் கூடாது என்றதோடு எனக்கும் அந்தக் கப்புக்கும் இருந்த உறவு முடிந்தது. நான் பால் தேத்தண்ணிக்காரன். அவள் பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ குடிப்பவள். சீனி கலக்கமாட்டாள், ஒரு பனங்கட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பாள். கப்புக்குள் தேயிலையும் இஞ்சியும் தவிர வேறு எதுவும் போவதற்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும், புது மண்சட்டியைப் பழக்குவதுபோல அதைக் கஞ்சித்தண்ணியில் போட்டு அவித்தாள். ஜப்பான் கப்புக்கு யாழ்ப்பாணத்து வைத்தியம் நடக்குது என்று போனில் ஆட்களுக்குச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த கோடையில் அவள் அதே மேசைக்குப் போய்த் தான் செய்த வேலையை வெட்கத்தோடு சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன்னுடைய தாயும் புதுப் பாத்திரத்தை அப்படித்தான் அவிப்பார் என்றார். திரும்பி வரும் வழி முழுக்க என் மனைவி வெற்றிக் களிப்பில் இருந்தாள்.

கப் உண்மையிலேயே மாறியது. அவள் வாய் வைக்கும் விளிம்பு மெல்ல மெல்லக் கறுத்து வந்தது. கட்டைவிரல் பிடிக்கும் இடம் வழுவழுத்து, இலேசாக மினுங்கத் தொடங்கியது. நான் கேட்ட பொலிஷை அவளே போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் கப்பைத் தூக்கி அந்தப் பொட்டுகளை எனக்குக் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ, எள்ளும் இருக்கு, தண்ணியும் இருக்கு. நான் போனாப் பிறகு உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"விடியக்காலமை உது என்ன கதை?" என்று பேசினேன். அவள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு பனிக்காலத்தில் அவள் போய்விட்டாள். நோய் சில வாரங்கள்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அந்த வீட்டில் மிச்சமாக நான் ஒருவன் இருந்தேன். நான் பெரிதாக அழுததாகச் சொல்லமுடியாது. காலையில் என்னுடைய பால் தேத்தண்ணியைப் போட்டுவிட்டு, அவளுடைய கப்பை எடுத்து மேசையில் எதிரே வைப்பேன். குடித்து முடித்ததும் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைப்பேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு முதல் நாள் வீடு கழுவ உறவுக்காரர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை என் மனைவியின் தங்கை. என்னுடைய மச்சாள், பக்கத்தில் மில்லிக்கனில் இருக்கிறாள். எங்கள் ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும், முறை தெரியாதவர்கள் அவளுக்குத்தான் போன் அடிப்பார்கள். திரைச்சீலைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் முகம் வழிக்க சலூனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடு மஞ்சள்தண்ணி மணத்தது. தேத்தண்ணி போட அலுமாரியைத் திறந்தேன். கப் இல்லை.

"அந்தக் கப் எங்கை?"

"மண் சாமான் எல்லாம் வெளியிலை போட்டாச்சு அத்தான்," என்றாள் மச்சாள்.

முறை எனக்கும் தெரியாததல்ல. சாவு விழுந்த துடக்குவீட்டில் பித்தளை, சில்வர், பீங்கான் எல்லாம் கழுவினால் தீட்டுப் போய்விடும். மண் மட்டும் துடக்கைக் குடித்துவிடும், அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கவேண்டும். வீடு நிறையப் பானையும் சட்டியுமாக இருந்த காலத்துச் சட்டம். என் வீட்டில் இருந்த மண் ஒரு மீன்குழம்புச் சட்டியும் அந்தக் கப்பும்தான். கப்புக்கு மேலே ஒரு பூச்சு இருந்திருந்தால் அது பீங்கான் கணக்கில் தப்பியிருக்கும்.

செருப்போடு பனிக்குள் இறங்கி வீதி ஓரத்துக்கு ஓடினேன். குப்பை லொறி வந்து போயிருந்தது. பெட்டி வெறுமையாகச் சரிந்து கிடந்தது. உள்ளே வந்து, எல்லோருக்கும் முன்னால் மச்சாளைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்ப என்னையும் தூக்கி உதுக்குள்ள போட்டிருக்கலாமே? நானும் அவவோடை கிடந்த சாமான்தானே!"

அவள் நிலத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போன் எடுத்தால் ஓம், இல்லை என்பதோடு சரி. கறி சமைத்துக் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். அவளும் கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தவள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் போகவில்லை. கோடையில் அந்தச் சந்தைக்குத் தனியாகப் போனேன். மனைவி போய்விட்டதையும் கப் போனதையும் ஜப்பானியப் பெண்ணிடம் சொன்னேன். அவர் அதே சூளையில் சுட்ட இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல கப்தான். ஆனால் அதன் விளிம்பு ஒரே நிறமாக இருந்தது. நன்றி சொல்லித் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்து கிரியைகளை முடித்துக்கொண்டு போய்விட்டார். படையல் போட வேண்டியதுதான் மிச்சம். வாழையிலையில் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம் எல்லாம் வைத்தாயிற்று. பிளேன்ரீயை நானே போட்டேன். அதைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக்கொண்டு வரும்போது மச்சாள் வழியில் வந்து நின்றாள். கையில் ஒரு துவாய்ச் சுருட்டு இருந்தது.

"அக்கா கிளாசிலை குடிக்கமாட்டா அத்தான்," என்றாள்.

துவாயை விரித்தாள். கறுத்த விளிம்பும் எள்ளுப் பொட்டுகளும் தெரிந்தன. கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் கப்பை இரண்டு கையாலும் வாங்கினேன்.

"நீ எறியேல்லையே?"

"சட்டியை எறிஞ்சனான். இதைப் பெட்டிக்குள்ள போடக் கை வரேல்லை. கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக் கொண்டுபோட்டன்."

"ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"ஆட்டை முடியாமல் துடக்குச் சாமானைத் திருப்பி இஞ்சை கொண்டுவரப் பயமாக் கிடந்தது. அக்காவுக்கு ஏதும் குறையாப் போயிடுமோ எண்டு. சொன்னால் நீங்கள் அண்டைக்கே வந்து பறிச்சுக்கொண்டு போயிருப்பியள்."

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன்.

"எங்கட வீட்டுக்குள்ளையும் வைக்கேலாது, சாமியறை இருக்கு. கராச்சுக்குள்ள காரின்ரை விண்டர் ரயருக்குப் பக்கத்திலைதான் வைச்சனான். நெடுகப் போய் எட்டிப் பாப்பன். ரயர் மணம் பிடிச்சிட்டுது அத்தான். நேற்று முழுக்கக் கஞ்சித்தண்ணியிலை அவிச்சனான், அக்கா அவிச்ச மாதிரி. இப்ப மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தேன். கஞ்சி மணம்தான் இருந்தது. நான் கப்பை நீட்டிப் பிடிக்க, அவள் கிளாசில் இருந்ததை அதற்குள் ஊற்றினாள். சூடு பட்டதும் மண்ணுக்குள் இருந்து இஞ்சி மணம் எழும்பியது. புது இஞ்சியோ பழைய இஞ்சியோ, என்னால் சொல்லமுடியவில்லை. அதை அவளே கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பனங்கட்டித் துண்டையும் வைத்தாள். துடக்குக்கு அவ்வளவு பயந்தவள் அந்தக் கப்பைத் தன் கையால் படையலில் வைத்தாள். எனக்கு ஒரு வருசத்து அழுகை அப்போதுதான் வந்தது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

கற்பூரம் எரிந்து முடிந்ததும் கப்பை எடுத்து என்னிடம் தந்தாள். "குடியுங்கோ."

ஆறிப்போன பிளேன்ரீயைப் பனங்கட்டி கடித்துக் குடித்தேன். எனக்கு இன்றைக்கும் பிடிக்காத தேத்தண்ணிதான். கறுத்த விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

ஆட்கள் சாப்பிட்டுப் போனபின் மச்சாள் குசினியில் நின்று கப்பைக் கழுவினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, அலுமாரியில் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கப்புக்குச் சோப் போடேல்லை அத்தான், பயப்பிடாதேங்கோ. துடக்குச் சாமானைத் தொட்டதுக்கு இனி வீட்டை போய் நான்தான் தலை முழுகோணும்."

"முழுகலாம், இருந்து குடிச்சிட்டுப் போ," என்றேன். பாலைக் காய்ச்சி, சாயம் கடுப்பாக ஒரு தேத்தண்ணி போட்டு, பீங்கான் கப்பில் அவளுக்குக் கொடுத்தேன்.