பெரிய டிரம்காரருக்கு ஒரு புள்ளி

அப்பாவின் தங்கைக்குப் பியானோ வாசிக்கத் தெரியும் என்பதை ஓசூரில் யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபதுகளின் கடைசி, தொழிற்சாலைகள் இன்னும் வந்திராத ஊர். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன பியானோ மாதா கோயில் ஹாலில் கிடந்தது. அத்தையைத் தவிர அதைத் தொட ஆளில்லை.

பெங்களூர் கான்வென்ட் ஒன்றில் பியானோ டீச்சர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை ஒன்றைத் தானே பியானோவுக்கு மாற்றி எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் சேலத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளை பேச்சு வந்தாலே அத்தைக்குச் சோறு இறங்காது.

எங்கள் திருவிழா பேண்டு செட்டில், தேர் திரும்பும்போது மட்டும் ஒரு பழைய மெட்டு வாசிப்பார்கள். வருஷத்துக்கு ஒரே முறை கேட்பது. பியானோவில் அதை யாரும் வாசித்ததே இல்லை. அத்தை அதைத்தான் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, கோடு போட்டுப் புள்ளி புள்ளியாக அவள் இசை எழுதியிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஏழு வயது, எண்ணத் தெரியும். பேண்டில் பதினொரு பேர்; ஆளுக்கு ஒரு புள்ளி என்று நினைத்துக்கொண்டேன். தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து புள்ளிகளுக்கு மேல் எங்கேயும் இல்லை. மிச்சம் ஆறு பேர் என்ன ஆனார்கள்? எனக்குப் பெப்பர்மின்ட் கொடுக்கும் பெரிய டிரம்காரரைக்கூட விட்டுவிட்டாளே என்று எரிச்சலாக வந்தது. மையைத் தொட்டு ஆறு புள்ளிகள் வைத்தேன். டிரம்காரருக்குக் கடைசி வரியின் அடியில், கொஞ்சம் பெரிதாக.

மறுநாள் அடம்பிடித்து அப்பா, அத்தையோடு நானும் பஸ் ஏறினேன்.

"ஒரு புள்ளி மாறினாலும் போச்சுன்னியே, எல்லாம் சரியா இருக்கா?" என்று அப்பா கேட்டார். அத்தை "ம்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கான்வென்டில் வயதான மதர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வாசிப்பு எங்கேயும் இடறவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தேன். ஐந்து இடங்களில் பிளேடால் சுரண்டிய தடம் இருந்தது. ஆறாவது புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. அத்தை கடைசி வரிக்கு வந்து இடது கையை ஓரத்துக்குக் கொண்டுபோய் அதை அழுத்தினாள். ஹால் அதிர்ந்தது.

மதர் சிரித்தார். "டிரம் ரொம்ப நல்லா வந்திருக்கு. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்மா."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. திரும்பும் பஸ்ஸில் பார்த்தால் அத்தை தேம்பித் தேம்பி அழுகிறாள். பயந்துபோய், நான்தான் புள்ளி வைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அது நேத்தே தெரியும்டி" என்று அழுகையோடே சிரித்தாள்.

"அப்புறம் எதுக்கு அழுவுற?"

அத்தை என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சேலத்துக்கு, சம்பந்தம் வேண்டாமென்று கார்டு எழுதினார். அதைத் தபால்பெட்டியில் போட அத்தை என்னையும் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு கல்யாணச் சாப்பாடு கைநழுவிப் போயிற்றே என்று நான்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தேன்.