அக்காவின் குதிக்காலும் என் எரிச்சலும்

1. முழங்கால்

புயல் கரையைக் கடந்த அன்று நான் புலம்பெயர்ந்து வாழும் சில்க்போர்க்கில், என் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை. இருபத்தாறு வருடங்களாக முதியோர் இல்லத்தில் மற்றவர்களைத் தூக்கி நிறுத்திய எனக்கு, குசினிக்குப் போய் வரவே இரண்டு ஊன்றுகோல் தேவைப்பட்டது.

மன்னாரில் என் அக்கா பிலோமினா இருக்கிறார். எழுபத்தொரு வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது. நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் உண்டு. மகன் கட்டாரில் வேலை. மருமகள் ரீட்டாதான் பார்த்துக்கொள்கிறாள். அன்று காலை பத்து மணிக்கு ரீட்டா அழைத்தாள்.

"மாமி, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அம்மாவைக் கதவுப் பலகையில வச்சு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தவை. இப்ப பள்ளிக்கூடத்தில நிக்கிறம்."

"எதில படுக்க வச்சிருக்கிறாய்?"

"ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மேல பாய் விரிச்சிருக்கு."

அசைய முடியாத மனிதரைப் பலகையில் கிடத்தினால் தோலுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். நான் மன்னாருக்குப் போகலாமா என்று அடுத்த நாள் வைத்தியரிடம் கேட்டேன். மூன்று மாதத்துக்கு நீண்ட விமானப் பயணம் கூடாது, காலில் இரத்தம் கட்டிவிடும் என்றார்.

அதே கிழமை ஜெசிந்தா புறப்பட்டாள்.

ஜெசிந்தாவை எங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரு துணி ஃபக்டரியில் சிப்டில் நின்றவள். நாற்பது வயதுக்கு மேல் பராமரிப்பு வேலைக்குப் படித்தாள். கட்டிலில் இருக்கும் ஒருவரை எப்படித் திருப்புவது என்று முதன்முதலில் செய்து காட்டியவள் நான். அவளுடைய அண்ணன் வீடும் மன்னார்ப் பக்கம்தான், கூரை போய்விட்டது. எங்கள் லீடர் லோனாவிடம் லீவு கேட்டாள். லோனா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"போய் வா, ஜெசிந்தா. உன் சிப்டுகளுக்கு நான் ஆள் பார்க்கிறேன்" என்றாளாம்.

இல்லத்தில் இருந்த முதியவர்கள் பழைய பெட்சீட், சால்வை எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து வேலைக் குறூப்பில் போட்டிருந்தார்கள். கீழே எல்லோரும் இதயக் குறி போட்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூடினேன், பிறகும் பார்த்தேன். அங்கே நிற்க வேண்டியவள் நான் என்று பட்டது. போவது என் ஊருக்கு. செய்யப்போவது நான் கற்றுக்கொடுத்த வேலை.

இருந்தாலும் நான்தான் அவளுக்கு அழைத்தேன்.

"ஜெசிந்தா, என்ர அக்காவை ஒருக்கால் எட்டிப் பார்த்திட்டு வாறியோ?"

"இதென்ன கேள்வி புஷ்பமக்கா? போய் இறங்கினதும் முதல் வேலை அதுதான்."

2. பள்ளிக்கூட மணி

சொன்னபடியே போனாள். அண்ணன் வீட்டில் பையை வைத்துவிட்டு, சேற்றுக்குள்ளால் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். அன்று மத்தியானம் ரீட்டா வீடியோவில் காட்டினாள். அக்கா சரியாக முப்பது பாகை சரிந்து படுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய சால்வை. கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த பெட்சீட், குதிக்கால் பாயில் படாமல் நின்றது. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா சொன்னார்: "நல்ல பிள்ளையடி. வந்து என்ர தலையை இழுத்துப் பின்னிவிட்டவள். எத்தினை நாளைக்குப் பிறகு!"

"ரீட்டா பின்னிவிடுறதில்லையோ?"

"அவள் பாவம், நேரமெங்க? இவளுக்குக் கை மெத்தென்று இருக்கு."

இரண்டு நாளில் அந்த வகுப்பறை முழுவதும் ஜெசிந்தாவின் பொறுப்பில் வந்துவிட்டது. எழுந்து நடக்க முடியாத பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அவள் ஒருத்தியால் முடியாது. முகாமில் மணிக்கூடு பார்க்கும் நிலையிலும் யாரும் இல்லை. அவள் அதிபரிடம் போய்ப் பள்ளிக்கூட மணியைக் கேட்டாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்தால், எந்த வேலையில் நின்றாலும் இரண்டு இரண்டு பெண்களாக வந்து ஒருவரைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். சமையலில் நின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்களாம். சொந்த வீட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர்கள், யாரோ ஒருவருடைய அப்பாவைத் திருப்பினார்கள்.

இதை ரீட்டா சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "மணியடிக்கிற யோசினை ஆரின்ர?"

"ஜெசிந்தாக்காட."

இருபத்தாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. எங்கள் இல்லத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. எல்லாம் கொம்பியூட்டரில் இருக்கும். ஆனால் நான் அப்படி நினைத்து என்னை ஆற்றிக்கொள்ளவில்லை. சோபாவில் இருந்தபடி, அந்த மணி எத்தனை நாளைக்கு ஒழுங்காக அடிக்கும், பார்ப்போம் என்று நினைத்தேன்.

பிறகு தொலைபேசிப் பேச்சும் மாறியது. முன்பு அக்கா விழித்ததும் என்னைத்தான் கேட்பார். இப்போது நான் அழைத்தால், "பொறடி, ஜெசிந்தா கஞ்சி கொண்டு வாறாள்" என்று வைத்துவிடுவார். அவள் அக்காவை "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அவள் ஏதோ பகிடி சொல்ல, இழுத்துக்கொண்ட வாயோடு அக்கா சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. பாரிசவாதம் வந்த பிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை. ஊன்றுகோலை எடுத்துச் சுவரில் எறிந்தேன். பிறகு அதை எடுப்பதற்கு நிலத்தில் தவழ வேண்டியதாகிவிட்டது.

3. நான் சொன்ன வார்த்தை

ஜெசிந்தா போன எட்டாம் நாள் அக்கா தானாகவே அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"புஷ்பம், இந்தப் பிள்ளை என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போறாளாம். வலக் குதிக்கால் சரியில்லையாம். ட்ராக்டர் ஒன்று வருதாம், அதில ஏத்தி விடுறாளாம். எனக்குப் பயமாக்கிடக்கடி. நீ என்ன சொல்லுறாய்?"

அந்தக் குதிக்கால் முதல் நாட்களில் மேசைப் பலகையில் அழுந்திக் கிடந்தது. ஜெசிந்தா போவதற்கு முன்பே தோலுக்குக் கீழே பழுது தொடங்கியிருக்கும். இப்படியான புண் உள்ளே முதலில் அழுகும், வெளியே பிறகுதான் தெரியும். சீனி வருத்தக்காரருக்கு நோவும் தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் நான் முதல் கிழமையிலேயே சொல்லும் பாடம் இது.

நான் கேட்டிருக்க வேண்டியவை மூன்று. என்ன நிறம்? மணம் இருக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? ஒன்றையும் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றுதான்: அக்கா, அவள் சொன்னதை வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்கிறார். இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் கேட்கிறார்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன். "நேற்றுப் படிச்சு முடிச்சவள். சின்னச் சிவப்பைக் கண்டாலும் பயப்பிடுவாள். அந்த ரோட்டில ட்ராக்டரில போனால் உனக்குத்தான் கரைச்சல். நீ போக வேண்டாம். நான் சொல்லுறன்."

"அப்ப நீ சொன்னாச் சரி" என்றார் அக்கா.

தொலைபேசியை வைத்தபோது எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பல நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நல்ல நித்திரை வந்தது.

4. படம்

மூன்றாம் நாள் காலை ஜெசிந்தாவிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்.

குதிக்கால் கறுத்திருந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் ஊதா, அதைச் சுற்றிக் கணுக்கால் வரை சிவப்பு. அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பேனையால் கோடு கீறியிருந்தாள், மூன்று கோடு. முதலாவது கோட்டுக்குப் பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதியிருந்தது. அது நான் அக்காவைத் தடுத்த நாள்.

உடனே அழைத்தேன். ஜெசிந்தாதான் எடுத்தாள்.

"புஷ்பமக்கா, அம்மா வரமாட்டன் எண்டு ஒரே பிடி. ரெண்டு நாளாக் கெஞ்சிறன். என்னில நம்பிக்கை இல்லைப்போல. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. இண்டைக்குக் காய்ச்சல் காயுது."

அப்போது எனக்கு விளங்கியது. நான் சொன்னதை அக்கா அவளிடம் சொல்லவில்லை.

"போனை அக்காட காதில வை" என்றேன்.

"அக்கா, வெளிக்கிடு. இப்பவே வெளிக்கிடு."

"நீதானேடி வேண்டாம் எண்டனி?"

"நான் பார்க்காமல் சொன்னனான். அவள் பார்த்துச் சொன்னவள். அவள் சொல்லுறதைச் செய்."

ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே பாய் போட்டு, ஜெசிந்தா அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனாள். நான்கு மணித்தியாலம். ஆஸ்பத்திரியில் அன்றே அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். குதியில் எலும்பு தெரியும் அளவுக்குப் பள்ளம். கால் போகாமல் தப்பியது. இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிராது என்று வைத்தியர் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னது ஜெசிந்தா. சொல்லும்போது அழுதாள்.

ஒரு கிழமை கழித்து அக்கா கதைக்கும் நிலைக்கு வந்தார்.

"ஏன் அக்கா நான் சொன்னதெண்டு அவளுக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? நீ வேலையில பெரியாள். அவளுக்கு முன்னால உனக்கு மரியாதை குறைஞ்சிடும் எண்டு பார்த்தன்."

பிறகு அக்காவே சொன்னார்: "உனக்கு அவளில எரிச்சல் எண்டு எனக்குத் தெரியும். உன்ர குரலில தெரிஞ்சது. ஆனா உன்ர எரிச்சல் என்ர காலில வந்து நிக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை.

5. ரப்போர்ட்

தை மாதக் கடைசியில் நான் பாதி நேரத்துக்கு வேலைக்குத் திரும்பினேன். ஜெசிந்தாவும் வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். லோனா கேக் வைத்திருந்தாள், ஜெசிந்தாவுக்காக. என் முழங்காலைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்டாள்.

சிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவருக்கு நிலைமையைச் சொல்லிக் கொடுப்பதை இங்கே ரப்போர்ட் என்போம். யார் சாப்பிட்டார், யார் விழப்பார்த்தார், யாருடைய தோல் சிவந்திருக்கிறது. அன்று ஜெசிந்தா எனக்கு ரப்போர்ட் சொன்னாள். எட்டுப் பேரைப் பற்றியும் சொல்லி முடித்தாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"இன்னும் ஒண்டு கிடக்கு ஜெசிந்தா" என்றேன். "அக்காவைப் போக வேண்டாம் எண்டு மறிச்சது நான்."

அவள் விளங்காமல் பார்த்தாள். முழுவதும் சொன்னேன். நேற்றுப் படித்தவள் என்று சொன்னதையும் சொன்னேன். தேத்தண்ணி குடித்து நித்திரை கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அவள் கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தாள்.

"நான் அந்த ரெண்டு நாளும் என்னைத்தான் திட்டிக்கொண்டு இருந்தனான் புஷ்பமக்கா. கதைக்கத் தெரியாததால அம்மா கேட்கேல்லை எண்டு. அந்த வைத்தியர் ஏன் பிந்தினனீங்கள் எண்டு எல்லாருக்கும் முன்னால என்னைத்தான் ஏசினவர். நான் வாயைத் திறக்கேல்லை."

"மன்னிச்சுக்கொள்."

"இண்டைக்கு என்னால ஏலாது" என்று சொல்லி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்துக்கு மேல் எங்களுக்குள் ரப்போர்ட் மட்டும்தான். அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு வார்த்தை கூடவும் சொல்லவில்லை. பங்குனியில் ஒருநாள், கட்டிலில் ஒருவரை இருவருமாகத் திருப்பிக்கொண்டு இருந்தபோது, "அம்மாட பள்ளம் ஆழம் குறைஞ்சிட்டுது, நேற்றுப் படம் வந்தது" என்றாள். எனக்கு வராத படம் அவளுக்கு வந்திருந்தது. நான் "ஓம்" என்றேன். அதிலிருந்துதான் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்களுக்கு வேண்டியவரை இன்னொருத்தி உங்களைவிட நன்றாகப் பார்த்தால் உள்ளே எரியும். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை, இருபத்தாறு வருட அனுபவமும் அதைத் தடுக்காது. ஆனால் எரியும் நேரத்தில் ஆலோசனை சொல்லாதீர்கள். தோலைக் கண்ணால் பார்க்காமல் தோலைப் பற்றிக் கதைக்காதீர்கள். "நான் பார்க்கவில்லை, பார்த்தவளைக் கேள்" என்று சொல்ல ஒரு விநாடிதான் எடுக்கும். எனக்கு அந்த விநாடிக்கு மனம் வரவில்லை. அதற்கு என் அக்கா தன் குதிச்சதையைக் கொடுத்தார்.

போன கிழமை இடைவேளையில் அக்கா வீடியோவில் அழைத்தார். ரீட்டா அவருடைய காலைத் தூக்கிக் காட்டினாள். புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது. நான் நிறத்தை நன்றாகப் பார்த்து, மணம் கேட்டு, காய்ச்சல் கேட்டு, எல்லாம் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா கேட்டார்:

"ஜெசிந்தா பக்கத்தில நிக்கிறாளோ? அவளிட்டைக் குடு."

கொடுத்தேன். அவள் திரையைப் பார்த்து "அம்மா!" என்றாள். அக்கா சிரிக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவள் பார்க்கும் மூன்றாம் இலக்க அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது, அவளுக்குப் பதிலாக நான் போனேன்.