தொடாமல் சொன்ன கோ

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று போடியில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருஷமாகப் பி.டி. டீச்சர். என் விசிலுக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. அந்த விசிலை நான் ஊதாமல் விட்டதையும் அனுப்பிரியாவையும் பற்றித்தான் சொல்கிறேன்.

அனுப்பிரியா சிலமலைப் பக்கத்துக் காலனிப் பெண், பதினொன்றாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா அன்னக்கொடி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கிறவள். "மாவட்டத்துல ஜெயிச்சா விளையாட்டு ஹாஸ்டல்ல சீட்டு, டீச்சர். இல்லைன்னா எங்கம்மாகூட ஜீப்புதான்" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பள்ளியில் யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு வேம்படி, காலனிப் பிள்ளைகள் வேறு வேம்படி. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் எந்த மரம் என்று சொல்லிவிடலாம். கயிற்றை அறுக்கச் சொல்லிக் கத்தினேன். அறுத்தார்கள். மரம் மாறவில்லை.

கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். துரத்துகிறவள் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்றால்தான் அவள் எழுந்து ஓடலாம். தொடாமல் சொன்னால் ஃபவுல். எங்கள் கேப்டன் சிவரஞ்சனி மேலத்தெரு. ஒரு வருஷமாக அனுப்பிரியாவிடம் வரும்போது மட்டும் அவள் கை ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும், சத்தம் மட்டும் வரும். அனுப்பிரியாவும் எழுந்து பறப்பாள்; அந்த வேகத்தில் போட்டி நடுவர் கண்ணுக்கும் படாது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். சிவரஞ்சனியின் அப்பா பெரிய மனுஷர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

தேனியில் இறுதி ஆட்டம். கடைசி அரை நிமிஷம். எதிரணியில் ஒருத்திதான் மிச்சம். அவளைத் தொட்டால் கோப்பை எங்களுக்கு, விட்டால் அவர்களுக்கு. அந்தப் பெண் அனுப்பிரியாவின் மூக்குக்கு முன்னாலேயே நழுவினாள். சிவரஞ்சனி பின்னால் ஓடிவந்து "கோ!" என்றாள்.

அனுப்பிரியா எழவில்லை.

"கோ! ஏய், எந்திரிடீ!"

"தொடு," என்றாள் அனுப்பிரியா, திரும்பாமல்.

"அடிப்பாவி, எந்திரிச்சுத் தொலை!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். சிவரஞ்சனி தூக்கிய கையோடு நின்றாள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையை வைத்தாள், முதுகில், நன்றாக அழுந்த. அனுப்பிரியா பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் சட்டைக்கும் அவள் விரலுக்கும் நடுவில் நூலளவுதான் இருந்தது. ஆட்டம் முடிந்த விசில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் அனுப்பிரியா. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஏண்டி, அன்னைக்கு எந்திரிச்சிருந்தா சீட்டு கெடைச்சிருக்கும்ல? ஒரு வருசம் பொறுத்தவளுக்கு அரை நிமிசம் பொறுக்க முடியலையா?"

"ஒரு வருசமா உங்க மொகத்தப் பாத்துக்கிட்டேதான் எந்திரிச்சேன் டீச்சர். ஒரு நாளாச்சும் விசில் ஊதுனீங்களா?"

"ஊதலை," என்றேன், அவள் அம்மாவுக்கு முன்னாலேயே.

"வெரசா ஏறு ஆத்தா," என்றார் டிரைவர். அவள் ஏறிக்கொண்டாள்.